ஒரே பீடம், இரண்டு கூடம்: வடக்கன்குளம் ஆலயத்தைப் படிப்போம்



'வரலாற்றுச் சிறப்புமிக்க ஓர் இடம்' என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். "வானளாவிய கோபுரம் கண்ணைக் கவர்ந்தது. சிற்ப வேலைப்பாடுகள் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன." அதோடு பத்தி முடிந்துவிடும். கோபுரத்தை எடுத்துவிட்டு மணிக்கூண்டு என்று போட்டால் அதே பத்தி தேவாலயத்துக்கும் பொருந்தும். குவிமாடம் என்று போட்டால் பள்ளிவாசலுக்கும் பொருந்தும். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற வருணனை உண்மையில் எந்த இடத்தையும் வருணிக்கவில்லை.

அப்படியென்றால் ஒரு கட்டடத்தைப் பற்றி எப்படி எழுதுவது? நான் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்வேன். இந்தப் பகுதி எதற்கு? இதை யார் பயன்படுத்தினார்கள்? ஏன் இந்த வடிவம்? இந்த மூன்றுக்கும் பதில் தேடினாலே கட்டுரைக்குச் சரக்கு கிடைத்துவிடும். இதைச் செய்து காட்ட, தமிழ்நாட்டின் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தை இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். அழகான ஆலயங்கள் எத்தனையோ இருக்கும்போது ஏன் இது என்பது போகப் போகத் தெரியும்.

ஊரும் ஆலயமும்

வடக்கன்குளம் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது. பனைமரங்கள் நிறைந்த வட்டாரம். 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்தே இங்கே கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். இயேசு சபைக் குருக்களின் மதுரை மிஷனில் பெயர்பெற்ற ஊர் இது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டன் என்பவர் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வருவோம்.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற காலத்து ஆலயத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நாம் பார்க்கப்போவது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1872இல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயம். 'திருக்குடும்பம்' என்றால் இயேசு, மரியாள், சூசையப்பர் மூவரும் சேர்ந்த குடும்பம்.

முதலில் உறுப்புகளின் பெயர்கள்

ஆலயத்துக்குள் போவதற்கு முன்னால், நெல்லை, குமரி, தூத்துக்குடி வட்டாரத்துப் பழைய கத்தோலிக்க ஆலயங்களில் பொதுவாக என்னவெல்லாம் இருக்கும் என்று பார்ப்போம். பெயர் தெரியாததாலேயே பல மாணவர்கள் 'அழகிய பொருட்கள்' என்று எழுதி நழுவிவிடுகிறார்கள்.

வெளியே முதலில் கண்ணில் படுவது கொடிமரம். திருவிழா தொடங்கும் நாளில் கொடியேற்றுவார்கள். தேரும் சப்பரமும் வீதி சுற்றி வரும். இவை ஐரோப்பாவிலிருந்து வந்தவை அல்ல, நம் கோயில் மரபிலிருந்து ஆலயம் எடுத்துக்கொண்டவை. தெருமுனையில் சிலுவை வைத்த சிறு கட்டடம் இருந்தால் அது குருசடி. பாறைக் குகை போலக் கட்டி உள்ளே மாதா சொரூபம் வைத்திருந்தால் அது கெபி. சிலை என்பதைவிடச் 'சொரூபம்' என்பதே ஆலய வழக்கு.

வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கும். உள்ளே வருபவர் அந்தத் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுவார். திருமுழுக்குத் தொட்டியும் பழைய ஆலயங்களில் வாசலை ஒட்டியே இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. திருமுழுக்குத்தான் சபைக்குள் நுழையும் வாசல் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தொட்டி வைத்த இடமே சொல்லிவிடுகிறது.

நடுவில் மக்கள் கூடம். கிராமத்து ஆலயங்களில் பெஞ்சு பின்னால் வந்த வசதிதான். அதற்கு முன் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சுவர் நெடுகப் பதினான்கு படங்கள் இருக்கும். அவை சிலுவைப் பாதை. தவக்காலத்தில் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று செபிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் மக்களுக்கு அவைதான் புத்தகம். ஓரமாக, நடுவே சல்லடைத் தட்டி வைத்த மரக்கூண்டு ஒன்று இருக்கும். அதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று பெயர். ஒரு பக்கம் குருவானவர், மறுபக்கம் பாவத்தை அறிக்கையிடுபவர். பேச்சு மட்டும் போனால் போதும், முகம் தெரிய வேண்டாம். அதற்குத்தான் தட்டி.

கூடத்தின் முன்கோடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்பு. இதைக் கிராதி என்பார்கள். மக்கள் இதன் முன் முழங்காலில் வரிசையாக இருக்க, குருவானவர் ஒவ்வொருவர் நாவிலும் நற்கருணை வைத்துக்கொண்டே போவார். கிராதிக்கு அப்பால் பலிபீடம், அதன்மேல் நற்கருணைப் பேழை, பக்கத்தில் அணையாத சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் பேழையில் நற்கருணை இருக்கிறது என்று பொருள்.

இதில் 1960களில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, பூசை லத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு மாறியது. அதுவரை மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நின்ற குருவானவர் மக்களைப் பார்த்து நிற்கத் தொடங்கினார். பல ஆலயங்களில் சுவரை ஒட்டியிருந்த பீடத்துக்கு முன்னால் இன்னொரு பீடம் வந்தது. கிராதியும் பல இடங்களில் போய்விட்டது. ஓர் ஆலயத்தில் இரண்டு பீடம் இருந்தால் 'ஏன்?' என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் இதுதான்.

கால்சட்டை வடிவம்

இப்போது வடக்கன்குளத்துக்கு வருவோம். உங்கள் வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலும் சேரும் இடம் பலிபீடம். ஒவ்வொரு விரலும் ஒரு மக்கள் கூடம். 1872இல் கட்டி முடித்த திருக்குடும்ப ஆலயத்தின் தரைப்படம் இதுதான். பீடம் ஒன்று, கூடம் இரண்டு. இரண்டு கூடமும் பீடத்திலிருந்து பிரிந்து விலகிப் போகின்றன. இதைக் 'கால்சட்டைக் கோயில்' என்றும், 'இரட்டைக் குழல்' கோயில் என்றும் வெளிநாட்டார் எழுதிவைத்தார்கள்.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்தபோது மாணவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கூட்டம் அதிகம், அதனால் இரண்டு கூடம் என்றான் ஒருவன். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்றாள் ஒருத்தி. இரண்டுமே நல்ல ஊகங்கள்தான். ஆனால் காரணம் அதுவல்ல. ஒரு கூடம் வெள்ளாளர் முதலானோருக்கு, இன்னொன்று நாடார் முதலானோருக்கு. சாதி பார்த்துப் பிரித்த கூடங்கள் அவை.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், அவங்க எல்லாரும் ஒரே சாமியத்தானே கும்பிட்டாங்க?"

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

ஏன் இப்படிக் கட்டினார்கள்?

சாதி பார்த்து உட்கார வைப்பது வடக்கன்குளத்தில் மட்டும் நடந்ததல்ல. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். புதுச்சேரி ஆலயத்துக்குள் சாதிக்காக எழுப்பியிருந்த சுவரைப் பற்றியும், அதை இடித்ததால் எழுந்த சச்சரவைப் பற்றியும் 1745ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே ஆண்டு!

வடக்கன்குளத்தில் நடந்தது என்னவென்றால், இடையில் எழுப்பும் ஒரு தடுப்பாக இருந்த பிரிவினையைக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே போட்டுவிட்டார்கள். யார் எங்கே நிற்பது, யாருக்கு முதல் மரியாதை என்பதில் ஊரில் நீண்ட காலச் சச்சரவு இருந்தது. ஒரு பிரிவினர் மற்றவரோடு சேர்ந்து நிற்க மறுத்தார்கள். அதற்காக இரண்டு ஆலயம் கட்டவும் முடியாது. கடவுள் ஒருவர், பலி ஒன்று என்பது அடிப்படை நம்பிக்கை. நம்பிக்கை 'ஒன்று' என்றது, ஊர் 'இரண்டு' என்றது. இரண்டுக்கும் இடையில் செய்துகொண்ட சமரசம்தான் அந்த வடிவம்.

அந்தக் காலத்து வழிபாட்டு முறையும் இதற்கு இடம் கொடுத்தது. பூசை லத்தீனில் நடந்ததால் மக்களுக்குச் சொற்கள் புரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது மணி அடிக்கும், எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நொடிதான் முக்கியம். பீடம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், பக்கத்தில் நிற்பவர் தெரிய வேண்டிய அவசியமில்லை. விரித்த இரு விரல் வடிவம் இதைச் சரியாகச் செய்துவிடுகிறது. இரண்டு கூடத்திலிருந்தும் பீடம் தெரியும். ஒரு கூடத்தில் நிற்பவருக்கு அடுத்த கூடத்தில் நிற்பவர் தெரியமாட்டார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ரோமில் இயேசு சபையின் தாய்க்கோயிலான 'ஜெசு' ஆலயம் 1584இல் அருட்பொழிவு பெற்றது. அதன் சிறப்பே ஒரே அகலமான கூடம்தான். எல்லாரும் ஒன்றாக நின்று பீடத்தைப் பார்க்கவும் பிரசங்கத்தைக் கேட்கவும் வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். பல நாடுகளில் அதைப் பார்த்துக் கட்டினார்கள். அதே சபையின் மிஷன் ஊரான வடக்கன்குளத்தில் கூடம் இரண்டாகப் பிளந்தது. கட்டடக்கலைத் திறமை குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. கோணம் தப்பாமல் இரண்டு கூடத்தை ஒரு பீடத்தில் கொண்டு சேர்ப்பது எளிதான வேலையா? கெட்டிக்காரத்தனமான கட்டடம்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் எதற்குப் பயன்பட்டது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

1910இல் நடந்தது

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இப்படியே போயின. 1910இல் பங்குப் பொறுப்பிலிருந்த கௌசானல் அடிகளார் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, இரு பகுதியினரையும் பிரித்திருந்த தடுப்பை அகற்றினார். உரிமை பறிபோனதாக நினைத்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துக்குள் சாதியின் பேரால் தனியிடம் கேட்டவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகற்றியது தடுப்பை மட்டும்தான். வெளிச்சுவர்களையும் தரைப்படத்தையும் அப்படி எடுத்துவிட முடியாது. யார் வேண்டுமானாலும் எந்தக் கூடத்திலும் நிற்கலாம் என்று ஆன பிறகும் கூடங்கள் இரண்டாகவே நிற்கும். விதியை ஒரே நாளில் மாற்றலாம். அந்த விதிக்காகக் கட்டிய கட்டடம் அதற்குப் பிறகும் பல தலைமுறை நிற்கும். அதனால்தான் வரலாறு படிப்பவர்கள் அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன் தரைப்படத்தைப் பார்க்கிறார்கள்.

தேவசகாயத்துக்கு வருவதாகச் சொன்னேன் அல்லவா? அவருடைய பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப் பட்டமும் நீண்ட காலமாகச் சேர்ந்தே வழங்கிவந்தது. புனிதராக அறிவிக்கும் முன் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. எல்லாரையும் சமமாக நடத்தியவர் என்று போற்றப்படுபவரின் பெயரில் சாதி எதற்கு என்று கேட்டார்கள். வத்திக்கான் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு 'தேவசகாயம்' என்றே அறிவித்தது. கௌசானல் கட்டடத்தில் செய்ததை 112 ஆண்டுகள் கழித்து ஒரு பெயரில் செய்தார்கள் என்று சொல்லலாம்.

பொருட்களின் பெயர்களில் இன்னொரு வரலாறு

மொழிப்பாடத்துக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு செய்தி. ஆலயப் பொருட்களின் பெயர்களைக் கவனித்தால் மூன்று அடுக்குகள் தெரியும்.

முதல் அடுக்கு போர்த்துகீசியம். குருசு, குருசடி இரண்டும் அந்த மொழியின் 'குருசு' என்ற சொல்லிலிருந்து வந்தவை. மேசை, ஜன்னல், அலமாரி, சாவி ஆகியவையும் போர்த்துகீசியச் சொற்களே. நம் மாணவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. மலாய் மொழியின் மேஜா, ஜென்டேலா, அல்மாரி, தேவாலயத்தைக் குறிக்கும் கெரேஜா எல்லாம் அதே ஊற்றிலிருந்து வந்தவை. ஒரே கப்பலில் வந்த சொற்கள் நாகப்பட்டினத்திலும் இறங்கின, மலாக்காவிலும் இறங்கின.

இரண்டாம் அடுக்கு வடமொழி. ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், சொரூபம், அர்ச்சியசிஷ்டர் போன்றவை.

மூன்றாம் அடுக்கு புதிய தமிழ் வழக்கு. திருமுழுக்கு, ஒப்புரவு, திருப்பலி, புனிதர். இன்றைய வழிபாட்டில் இவைதான் பெரும்பாலும் வழங்குகின்றன. பாட்டி 'பூசைக்குப் போறேன்' என்பார், பேத்தி 'திருப்பலிக்குப் போகிறேன்' என்று எழுதுவாள். இரண்டும் சரிதான். ஆனால் ஒரே கட்டுரையில் ஞானஸ்நானம் என்று தொடங்கித் திருமுழுக்கு என்று முடிக்காதீர்கள். படிப்பவர் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துவிடுவார்.

ஆட்பெயர்களும் இப்படித்தான். யோசேப்பு போர்த்துகீசியம் வழியாகச் சூசை ஆனார். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் 'சிறியவர்' என்று பொருள், அதனால் சின்னப்பர். யோவான் என்பதற்குக் கடவுளின் அருள் என்ற பொருள் இருப்பதால் அருளப்பர். உங்கள் வகுப்பில் சூசை, சின்னப்பன், அருளப்பன் என்று யாருக்காவது தாத்தா இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது?

இதே ஆலயத்தைப் பற்றி இரண்டு பத்திகள் தருகிறேன்.

முதல் பத்தி: "வடக்கன்குளம் ஆலயம் மிகவும் பழமையானது. அதன் பிரம்மாண்டமான தோற்றம் காண்போரை வியப்பில் ஆழ்த்துகிறது. அங்குச் சென்றால் மன அமைதி கிட்டும்."

இரண்டாம் பத்தி: "1872இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வாலயத்தில் பலிபீடம் ஒன்று, மக்கள் கூடம் இரண்டு. ஒரு கூடத்தில் நிற்பவர் மற்றொரு கூடத்தில் நிற்பவரைக் காண இயலாது. இருவரும் பீடத்தை மட்டும் காண்பர். சாதி வேற்றுமையை விட முடியாதவர்களுக்காக அமைந்த வடிவம் இது. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டது."

இரண்டாவதில் அடைமொழி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனாலும் கட்டடம் கண்முன் நிற்கிறது, யோசிக்கவும் வைக்கிறது. உயர்நிலைச் சிந்தனை என்று நாம் தேடுவது இதைத்தான். வருணனையிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து கருத்துக்கும் நகர வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தை நடத்தும்போது யாரும் எந்த மாணவரின் சாதியையும் கேட்க இடம் கொடுக்காதீர்கள். வரலாற்றில் வரும் பெயர்கள் வரலாற்றுக்காக மட்டுமே. அதே சமயம், சங்கடமாக இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடவும் வேண்டாம். 'நம்ம ஊர்ல சாதியெல்லாம் இல்ல' என்று சொல்லிக்கொள்கிறோம், கல்யாணப் பேச்சு வரும்போதுதான் அது எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிகிறது. பிள்ளைகளுக்கும் இது தெரியும். நாம் பேசாவிட்டால் வேறு யாரோ வேறு மாதிரி சொல்லிக் கொடுப்பார்கள்.

பின்வரிசை மாணவனின் கேள்விக்கு அன்று நான் இப்படித்தான் பதில் சொன்னேன்: "ஆமாம்பா, ஒரே சாமியத்தான் கும்பிட்டாங்க. அதனாலதான் பீடத்த இரண்டாக்க முடியல." அவன் கரும்பலகைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டான்.

வகுப்பறைப் பயிற்சி

1. உங்கள் வட்டாரத்தில் உள்ள ஏதாவது ஒரு வழிபாட்டுத் தலத்தின் தரைப்படத்தை வரைக. யார் எங்கே நிற்கிறார்கள், ஏன் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாக்கியம் எழுதுக.

2. தீர்த்தத் தொட்டி, கிராதி, நற்கருணைப் பேழை, குருசடி, சப்பரம் ஆகியவற்றுள் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பயனை அடைமொழி இல்லாமல் விளக்குக.

3. தமிழிலும் மலாயிலும் வழங்கும் போர்த்துகீசியச் சொற்கள் ஐந்தைப் பட்டியலிடுக.

4. 'பிரிவினைக்காகக் கட்டிய பழைய கட்டடத்தை இடித்துவிட வேண்டுமா, பாடமாக வைத்திருக்க வேண்டுமா?' வடக்கன்குளம் ஆலயத்தைச் சான்றாகக் கொண்டு 250 சொற்களில் வாதக் கட்டுரை எழுதுக.